பாதி பறித்த நாய்

அப்பாவின் கன்னத்தில் நுரையைப் பூசிவிட்டு ரேசரை வைக்கப்போன நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து உறுமல் கேட்டது. இளையவன் கையை எடுத்தான். உறுமல் நின்றது. மறுபடி வைத்தான். மறுபடி உறுமல்.

"செத்தவருக்குச் சவரம் பண்ண இவன்கிட்ட அனுமதி வாங்கணும் போலிருக்கே" என்றாள் கதவருகில் நின்றிருந்த அக்கா. அழுது அழுது அவள் தொண்டை கட்டியிருந்தது.

"கம்பி, சும்மா இரு" என்று அம்மா ஜன்னலோர நாற்காலியிலிருந்து சொன்னாள். சத்தம் அடங்கிவிட்டது. நாய் அம்மா சொல்லுக்கு அடங்கியதை அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

இளையவன் சொந்தமாக சலூன் வைத்திருந்தான். லிப்ட் மெக்கானிக்கின் பையன் ஸ்பேனர் பிடிக்காமல் கத்தரிக்கோல் பிடித்ததில் அப்பாவுக்கு வருத்தம் இருந்திருக்கலாம், வெளியே காட்டிக்கொண்டதில்லை. மாதம் தவறாமல் கடைக்கு வந்து, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, அவனிடம்தான் முடி வெட்டிக்கொள்வார். ஆனால் நாய் விஷயத்தில் மட்டும் கதையே வேறு. கம்பி குட்டியாக வந்த புதிதில், இளையவன் ஆசை ஆசையாக நாய்க்கென்றே முடி வெட்டும் மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரம். "அதைக் கம்பி பக்கம் கொண்டு வராதே" என்றார் அப்பா. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் வீம்பில் ஒரு குறையும் கிடையாது. என் கை நாய்க்குக்கூட ஆகாதா என்ற எண்ணம் அன்றிலிருந்து முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது.

கம்பி டெரியர் சாதி. உடம்பெல்லாம் கம்பிபோல விறைத்த முடி, அதனால் அந்தப் பேர். வாசல் கதவைக் கொஞ்சம் திறந்தால் போதும், கம்பி நீட்டிவிடுவான் என்பதால் பேர் இன்னும் பொருந்தியது. முடி முற்றினால் அப்பா அவனைப் பின்வாசலில் ஒரு ஸ்டூலின்மேல் நிறுத்தி, பிடி வழுக்காமலிருக்க விரல்களில் சாக்பீஸ் தூளைத் தொட்டுக்கொண்டு, பழைய முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே பறிப்பார். நாய் கண் சொருகி நிற்கும். அம்மாதான் தலையில் அடித்துக்கொள்வாள்.

"நாய் வளர்க்கறீங்களா, கோழி உரிக்கறீங்களா? வீடெல்லாம் முடி. இந்த வீட்ல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்பார் அப்பா. பறிப்பதை நிறுத்தமாட்டார்.

இந்த முறை வலது பக்கத்தை முடித்துவிட்டு, "மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம், கை வலிக்குது" என்று படுக்கப்போனவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அதனால் துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் கம்பி பாதி நாயாகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் இறுக்கமாக, பளிச்சென்று. மறுபக்கம் பழைய மிதியடி மாதிரி. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள்கூட அவனைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பெரிய மாமாவால் முடியவில்லை. "இதென்ன, பாதி விலைக்கு வாங்கினதா?" என்று கேட்டேவிட்டார். இளையவனுக்குச் சுருக்கென்றது. சிரித்தது நாயைப் பார்த்து என்றாலும், அந்த வேலை அப்பாவுடையது.

நாயை என்ன செய்வது என்று அக்கா காலையிலேயே முடிவு செய்திருந்தாள். அவள் எதையும் நாளைக்கென்று வைக்கிறவள் இல்லை. கம்பியை அப்பாவுக்குக் கொடுத்த நண்பர் ஒருவர் இருந்தார். நாய்ப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் வீடு நிறைய இருந்ததால் அவருக்குக் கோப்பைக்காரர் என்றே பேர். கம்பியின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அக்கா கேட்டதும் சரி என்றுவிட்டார்.

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. அவர் வீட்ல இவன் சாதியே அஞ்சாறு இருக்கு, துணைக்குத் துணையாச்சு. நீ இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு இவனை எங்க இழுத்துட்டு அலைவே? என்னம்மா, சரிதானே?"

"உங்க இஷ்டம்" என்றாள் அம்மா.

இத்தனை வருடம் நாயைக் கரித்துக்கொட்டிய வாய் வேறு என்ன சொல்லும் என்று இளையவனும் நினைத்துக்கொண்டான்.

அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு எல்லோரும் திரும்பியபோது மதியம் தாண்டியிருந்தது. வீட்டில் அவருடைய செருப்பு, கண்ணாடி, ரேடியோ எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. இளையவனுக்கு உள்ளே உட்கார முடியவில்லை. பின்வாசலுக்குப் போனான். கம்பி ஸ்டூலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். இந்தக் கோலத்தில் இன்னொருவர் வீட்டுக்குப் போனால் அங்கேயும் சிரிப்பார்கள். இளையவன் பையிலிருந்து மெஷினை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"நான் பிடிச்சுக்கறேன். பண்ணு" என்று பின்னாலிருந்து அம்மா சொன்னாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்து நாயின் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"அப்பா வேணாம்பாரேம்மா."

"அவர் இப்ப வந்து உன் கையைப் பிடிக்கப் போறாரா? ஓட்டு."

அவன் ஓட்டினான். பழகிய கை. பழைய முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அம்மா நாயின் காதோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நடுவில், "காதுக்குக் கீழ விட்டுட்டே" என்றாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று அவன் மெஷினை வலது பக்கம் கொண்டுபோனபோது, அவள் சட்டென்று அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தாள்.

"இது வேணாம். இது அவர் பண்ணது."

கோப்பைக்காரர் புதுக் கழுத்துப்பட்டையோடு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் கண் கலங்கியது, நல்ல மனிதர். பிறகு கம்பியைத் தூக்கி மடியில் வைத்து இடது பக்கத்தைத் தடவினார். முகம் சுண்டிவிட்டது.

"மெஷின் வெச்சீங்களா?"

"நான்தான் வெச்சேன்" என்றான் இளையவன்.

"ஐயோ தம்பி, இந்த முடியை வெட்டவே கூடாது. பறிக்கணும். வெட்டினா செத்த முடி உள்ளயே நின்னுடும். மேல வர்றதெல்லாம் பஞ்சு மாதிரி வரும், நிறமும் வெளுத்துடும். இந்தப் பக்கம் பாருங்க, உங்கப்பா எப்படி எடுத்திருக்காருன்னு. அவர் சொல்லலையா?"

"கிட்டக் கொண்டு வராதேன்னாரு. நான்... என் கை சரியில்லைன்னு நினைச்சேன்."

"எந்தக் கையா இருந்தா என்ன? மெஷின்னா போச்சு. உங்க கையைப் பத்தி அவர் என்கிட்ட எவ்வளவு பெருமை அடிச்சிருக்காரு தெரியுமா? 'உன் தலைய என் பையன்கிட்டக் காட்டுடா'ன்னு போற எடத்துல எல்லாம் சொல்வாரு."

இளையவன் தரையைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்காமல் இத்தனை வருடம் மனதுக்குள்ளேயே அவரோடு சண்டை போட்டிருக்கிறான். அடக்கத்தின்போது வராத அழுகை இப்போது வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமாளித்தான்.

கோப்பைக்காரர் கழுத்துப்பட்டையைப் பைக்குள் திரும்ப வைத்தார். "இந்த வருஷப் போட்டி போச்சு. ஒரு வருஷம் ஆகட்டும் அண்ணி. மெஷின் படாம இருந்தா பழையபடி வந்தாலும் வரும். அப்ப வந்து பாக்கறேன்."

"அதுவரைக்கும் இவனை யாரு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அவர்தான் சொல்றாரே, ஒரு வருஷம் ஆகும்னு" என்றாள் அம்மா, அக்கா முடிப்பதற்குள். "இருந்துட்டுப் போகட்டும்."

"உன் முழங்காலோட யாரும்மா வெளிய கூட்டிட்டுப் போறது?"

"நான் எங்க கூட்டிட்டுப் போறது? அவன் என்னைக் கூட்டிட்டுப் போவான்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கோப்பைக்காரர் போனபிறகு இளையவனும் கிளம்பினான். அம்மா வாசல் கேட் வரை வந்தாள்.

"அடிக்கடி வரமுடியாது உனக்கு, தெரியும். மூணு மாசத்துக்கு ஒருதரமாவது வந்துட்டுப் போ."

"வரேம்மா."

"வரும்போது அந்த மெஷினையும் எடுத்துட்டு வா."

அவன் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்கு வரும்போது தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னவள் போல அவள் முகத்தில் ஒன்றுமில்லை. கம்பி அவள் செருப்பின்மேல் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போன சைக்கிளைப் பார்த்து நாலு வீட்டுக்குக் கேட்கக் குரைத்தான். அம்மா அவனை அதட்டவில்லை.