கடைசி வரிசைக்குக் காதுக் கோடு

எங்கள் கல்யாண மண்டபம் படத்தின்படிதான் நிற்கும். மண்டபத்தை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி ஒரு படம் என் கணினியில் இருக்கிறது. அதில் கூரைக் கோட்டைத் தூக்கினால் கூரை எழும்பும். பால்கனிக் கோட்டை இறக்கினால், உட்கார்ந்திருப்பவர்களோடு பால்கனி இறங்கும். மற்ற ஊர்களில் மண்டபத்தை அளந்து படம் போட்டு, ஸ்பீக்கர்களை எந்தச் சாய்வில் தொங்கவிடலாம் என்று மட்டும் பார்ப்பார்களாம். கொடுத்து வைத்தவர்கள். எனக்கு விடிந்தால் போதும், தூணை எடு, சுவரைத் தள்ளு என்று இதே பிழைப்பு.

படத்தில் காதுக் கோடு என்று ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவர்களின் காது எந்த உயரத்தில் வரும் என்று வரிசை வரிசையாகப் போட வேண்டும். கோடு போட்ட இடத்துக்குத்தான் சத்தம் போகும். பால்கனியின் கடைசி வரிசைக்கு நான் கோடு போட்டதில்லை. எங்கள் பக்கம் அது கல்யாணத்துக்கு வந்தும் வராத சொந்தக்காரர்களின் இடம். பழைய மனஸ்தாபத்தோடு வருவார்கள், யாரோடும் பேச மாட்டார்கள், தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு எதற்குச் சத்தம் என்று விட்டிருந்தேன்.

அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தது சௌந்தரவல்லி அம்மா, மணப்பெண்ணின் அத்தை. அவர்கள் குடும்பத்தில் தாலித் தட்டை அத்தை தொட்டுக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை கைக்குப் போகும். மைக்கில் கூப்பிட்டால்தான் அத்தை எழுந்து வருவார். பெண்ணின் அப்பா தெய்வசிகாமணி தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்தார். மேலே அசைவே இல்லை.

வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார். "தம்பி, அக்காவுக்குக் கேக்கலியாம்ப்பா. முகூர்த்தம் தப்பிப் போச்சுன்னா எம் பொண்ணு கதி என்னாவறது?"

"மாடி ஏறிப்போய் நேர்ல கூப்பிடுங்களேன் சார்."

"எந்த முகத்த வச்சுக்கிட்டுப் போக? அத்தான் சாவுக்கே போகாத பாவிய்யா நான்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து ஒரு வாய் காபிகூட உள்ளே போகவில்லை.

ஸ்பீக்கர்களின் சாய்வை இனி மாற்ற முடியாது, பூச்சரம் சுற்றிவிட்டார்கள். இந்தச் சாய்வில் கோடு மட்டும் போட்டால் சத்தம் அங்கே எட்டாது, மண்டபத்தைத்தான் மாற்ற வேண்டும். முதலில் பால்கனியை இறக்கினேன். அடியில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் தலை குனியும்படி ஆயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமா குனிந்தபடியே கத்தினார்.

"பொண்ணு வீட்டுக்காரன் முன்னாடி நாங்க குனியணுமோ? நல்லாருக்குய்யா நியாயம்!"

சரி என்று பால்கனியைப் பழைய இடத்துக்கே ஏற்றினேன். அடுத்து, பின் சுவரை முன்னால் இழுத்தேன். கடைசி வரிசை நகர்ந்து வந்து முந்தைய வரிசையோடு ஒட்டிக்கொண்டது. சில பெண்கள் அடுத்தவர் மடியில் உட்கார வேண்டியதாயிற்று. புடவை எந்தக் கடையில் எடுத்தது என்று விசாரிக்க அது வசதியாக இருந்தது போல, யாரும் குறை சொல்லவில்லை. சௌந்தரவல்லி அம்மாவின் நாற்காலிக்கு நேரே காதுக் கோட்டைப் போட்டுவிட்டு, பேசுங்கள் என்று தெய்வசிகாமணிக்குக் கை காட்டினேன்.

அவர் மைக்கை வாங்கினார். "அக்கா, மேடைக்கு வாக்கா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "தப்பு எம் மேலதான்க்கா. அத்தான் போனப்ப நான் வந்திருக்கணும். வறட்டுக் கௌரவம் பாத்துட்டேன். என்னைய மன்னிச்சிரு அக்கா."

மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். படத்தில் கடைசி வரிசை நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது. நன்றாகவே கேட்கிறது என்று அர்த்தம்.

சௌந்தரவல்லி அம்மா எழுந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"சவுண்டு தம்பி, எனக்குக் கேட்டுருச்சு. அவுகளுக்குக் கேக்கலியாம்."

பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். வீட்டுக்காரருக்கு.

"அவுக என்னைய விட ஒரு சாண் உசரம்" என்றார்.

அந்த நாற்காலிக்கு மட்டும் கோட்டை ஒரு சாண் ஏற்றினேன். நீலமாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். தன் புருஷனை எல்லாப் பெண்களும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். சிவப்பு வந்தது.

"இப்பச் சொல்லச் சொல்லு."

தெய்வசிகாமணி இந்தத் தடவை மைக்கை வாயோடு ஒட்டிவைத்து, "அத்தான், மன்னிச்சிருங்க அத்தான்" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

சௌந்தரவல்லி அம்மா நாற்காலிப் பக்கம் திரும்பிக் காதைக் கொடுத்தார். பிறகு, "சரிங்கிறாக" என்றார்.

அத்தையும் அத்தானும் படியிறங்கி வந்தார்கள். அத்தை தட்டைத் தொட்டுக் கொடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. பந்தியில் அத்தானுக்குத் தெய்வசிகாமணியே இலை போட்டுப் பரிமாறினார். கணினியை மூடினால் அந்தக் கோடு அழிந்து, அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்க வேண்டிவரும் என்பதால் நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் அப்போதுதான் ரசத்துக்கு வந்திருந்தார்.