தறி நிற்கும் முக்கால் மணி நேரம்

1

இந்தக் கதை நேற்று பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. திருத்தணியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த தறிக்காரர் வீட்டு மருமகள் அனுராதா, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டியின் டிஸ்க் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதில் வட்டமாக ஒரு கீறல்.

"வூட்ல பவர்லூம் தறி போடற ஆட்டத்துலக்கா. டிஸ்க் சுத்திகினு இருக்கசொல்ல வீடே அதிருது, கோடு வுழுந்துடுது. ஹார்டு டிஸ்க்ல ஏத்திட்டா அவ்ளோ நேரம் சுத்தாது."

(ஏற்றிய பிறகும் கேம் தொடங்க டிஸ்க் உள்ளே இருக்க வேண்டுமாம். என்ன நியாயமோ!)

பெட்டியும் டிஸ்க்கும் கல்யாணத்துக்கு முன் அரக்கோணத்தில் வேலை பார்த்த சம்பளத்தில் வாங்கியவை. புருஷன் வீட்டில் அவளுக்கென்று இருப்பவை இவை மட்டும்தான். கீறலுக்குப் பாலிஷ் போட்ட கடைக்காரர், இன்னும் ஒரு தடவைதான் முழுசாக ஏற்றத் தாங்கும் என்றாராம்.

"நாளிக்கு காலைல பதினொன்னுக்கு முக்கா மணி நேரம் தறிய நிறுத்தறேன்னு அவரு சொல்லிகிறாரு. பாக்கலாம்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். 'பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் கேட்காத ஒரு

(என் வீட்டுக்காரர் தங்கவேல் காபி கேட்டார். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் வாக்கியம் மறந்துவிட்டது.)

2

முதலில் அவளைக் கல்லூரிப் பையனாக மாற்றி எழுதினேன். மருமகள் கேம் ஆடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள் என்று பயம். சே, வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் வைத்து ஏற்றலாமே என்பீர்கள். நானும் கேட்டேன்.

"அங்கியும் தறிதானேக்கா!"

3

இனி என் கற்பனை. அவள் புருஷன் ஸ்ரீதர் சொன்னபடி தறியை நிறுத்துகிறான். அனுராதா டிஸ்க்கைப் போடுகிறாள். டிவியில் நாற்பது சதவீதம் ஏறிவிட்டது. அறுபது. எண்பது.

மாமியார் அன்னம்மாள் வருகிறார். "தறிய நிறுத்திட்டு ரெண்டு பேரும் டிவிய பாத்துகினு கீறீங்களா? போடுடா சுவிட்ச!"

"அத்தே, இன்னும் பத்தே நிமிசம்."

ஸ்ரீதரின் கை சுவிட்சுக்குப் போகிறது.

4

கரண்ட் போனதாக ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன், மனுஷன் செய்ய வேண்டியதைக் கரண்ட் செய்யக் கூடாது. மாமியாரும் சேர்ந்து ஆடுவதாக இன்னொன்று. எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது மணி பதினொன்றே முக்கால் ஆகப்போகிறது. அங்கே தறி நின்றிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

கூடத்திலிருந்து தங்கவேல்: "எம்மா நேரம்டீ? சோறு போடறியா இல்லியா?"

"இருங்க, முடிச்சிட்டு வரேன்" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அவரே தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.

ஸ்ரீதரின் கை இன்னும் சுவிட்சின் மேல்தான் இருக்கிறது. அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அவள் கேட்பது பத்தே நிமிடம்.