கரண்டிக்கு ஒரு வால்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. சொன்னது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சனிக்கிழமை ஆனால் என் அக்கா வீட்டுக் கார் ஷெட்டில் நாங்கள் கூடுவோம். கார் வெளியே வெயிலில் காயும். படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு உள்ளே கைத்தடி செதுக்குவோம். கூலி கிடையாது, தேநீர் உண்டு. தச்சர்தான் எங்கள் தலைவர். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, பல் டாக்டர். பல் குடையும் கருவியாலேயே மரத்தில் மீசையும் பிடரியும் போடுவார். (“மரம்னா வலிக்குதுன்னு கத்தாது” என்பார். வாராவாரம் சொல்வார். நாங்களும் வாராவாரம் சிரிப்போம்.) அச்சகத்தில் பிழை திருத்தும் எனக்கு உளி பிடிக்க வராது. உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதோடு சரி.

2

நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

பீரங்கிகள் முழங்கிய அந்தக் குன்றின் மேல் தன்னந்தனியாக நின்ற வீரர், தன் இடது

நிறுத்திவிட்டேன். எங்களிடம் தடி கேட்ட அந்தப் பெரியவர் எந்தக் குன்றிலும் நிற்கவில்லை. படையில் அவர் சமையல்காரர். ஆனாலும் இந்த வரியை அடிக்கப் போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3

தடி கேட்பவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உயரம், எந்தக் கையில் பிடிப்பீர்கள், கைப்பிடியில் என்ன செதுக்க வேண்டும். சிங்கம், கழுகு, குதிரை என்று வரும். இந்தச் சமையல்காரர் எழுதியிருந்தது ஒரே சொல்: கரண்டி.

“கூச்சப்பட்டு எழுதியிருக்காரு. நாமதான் பார்த்துப் பெருசா செய்யணும்” என்றார் தச்சர்.

“சிங்கம் போட்டுடலாம். பல்லை நான் பார்த்துக்கறேன்” என்றார் மாமா.

[இங்கே ‘நான் மறுத்தேன்’ என்று எழுதி அடித்துவிட்டேன். மறுக்கவில்லை. தலையாட்டிவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டேன்.]

அருமையான சிங்கம். தலை கைப்பிடியாக, வால் கழுத்துக்குக் கீழே தடியை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போய்க் குன்றையும் பீரங்கியையும் எழுதினேன்.

4

ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கு வருடாவருடம் நடக்கும் விழாவில்தான் தடிகளைக் கொடுப்போம். அதற்கு எட்டு நாள் இருக்கும்போது அளவு பார்க்க அவர் வந்தார். குடையை ஊன்றி நடந்து வந்தார். தச்சர் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தார்.

“விடுங்க. நானே வரேன்.”

தடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா இருக்கு. யாரோடது?”

“உங்களோடதுதாங்க.”

“நான் கரண்டின்னுல்ல எழுதினேன்?”

மாமா தொண்டையைச் செருமினார். “மேடையில வாங்கப் போறீங்க. கரண்டின்னா கொஞ்சம்...”

“முந்நூறு பேருக்கு மூணு வேளை போட்டிருக்கேன். ஒருத்தனையும் பசியோட அனுப்பினதில்லை. இத்தனை வருஷமா அந்த விழாவுக்குப் போகலை. சண்டை போட்டவங்க நடுவுல நமக்கென்ன வேலைன்னு விட்டுட்டேன். இந்தத் தடவை கரண்டியோட போய்ப் பார்ப்போம்னு ஒரு ஆசை. சிங்கத்தோட போனா அது நான் இல்லையே.”

தடியை மேஜையில் வைத்தார். “இதுக்கு உரியவர் யாராவது வருவாரு, அவருக்குக் குடுங்க” என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5

மரம் கத்தாது என்ற நகைச்சுவையை மாமா அன்று சொல்லவில்லை. எனக்கு என் முதல் வரி நினைவுக்கு வந்து முகம் சுட்டது. நானும் அவர் கையில் சிங்கத்தைத்தான் திணித்திருந்தேன்.

காய்ந்த கட்டை வேறு இல்லை. ஈர மரத்தில் செதுக்கினால் வெடித்துவிடும். தச்சர் சிங்கத்தைக் கவிழ்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“பிடரியை எடுத்துட்டா கரண்டி இருக்கு உள்ளே. கவுத்துப் போட்ட கரண்டி. உள்ளங்கைக்குச் சுகமா உட்காரும்.”

எடுத்தார்கள். மாமா அவ்வளவு ஆசையாகப் போட்ட பற்களை அவரே வழித்துத் தள்ளினார். நான் இரண்டு நாள் தேய்த்தேன். வால் மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் சீவினால் தடி இளைத்து, பாரம் தாங்காமல் ஒடிந்துவிடும்.

(இரண்டாம் பகுதியின் அரைவரியை நான் ஏன் விட்டு வைத்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அதை எடுத்தால் இந்தக் கதை அந்த இடத்தில் ஒடியும்.)

மேடைவரை காத்திராமல் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். கரண்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். கண் கலங்கியது, மறைக்கவில்லை. பிறகு கட்டைவிரல் வாலில் பட்டது.

“இது என்ன?”

“வாலுங்க,” என்றார் தச்சர். “எங்க தப்பு. எடுத்தா ஒடிஞ்சிடும்.”

வால் சுற்றிய வழியே விரலை ஓட்டிப் பார்த்தார்.

“உப்பு கூடிப்போச்சுன்னு அண்டாவையா கவுத்துடுவோம்? இருக்கட்டும்.”

6

முடிவு. மூன்று எழுதினேன்.

அ) அவர் மேடை ஏற, கூட்டம் முழுவதும் எழுந்து நின்று... (சினிமா. மறுபடி பிடரி முளைக்கிறது.)

ஆ) அவர் வரவில்லை. (எழுதும்போதே கை கூசியது. இரண்டு நாள் தேய்த்த கை இது.)

இ) ஞாயிற்றுக்கிழமை. “சமையல் பிரிவு” என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அரங்கத்தின் கடைசி வரிசையில் யாரோ எழுந்தார். மேடைக்கு மூன்று படிகள். மாமா எழப்போனார், அக்கா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். முதல் படியில் தடி ஊன்றிய சத்தம் எனக்குக் கேட்டது. கால் ஏறிவிட்டது.

மீதி இரண்டு படி உங்களுடையது. எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கை மட்டும் கொடுக்காதீர்கள். அவர் தானே வருவார்.