ஆவன்னா போட்ட வரி

கணக்கு டீச்சருக்கு இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் தப்புக்குச் சிவப்புக் கோடு போட்டே பழக்கம். ஓய்வு பெற்ற கையோடு, மனநல ஆலோசகராகப் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார். மேற்பார்வையாளருக்கோ அவர் மகள் வயசு. வாராவாரம் அந்தப் பெண்ணின் முன்னால் தன் தப்பைத் தானே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஆலோசனைக்கு வந்தவரின் சம்மதத்தோடு பதிவு செய்த பேச்சை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து வர வேண்டும். ஆலோசகர் பேசினால் ஓரத்தில் "ஆ". வந்தவர் பேசினால் "வ".

இம்முறை வந்தவர் ஒரு தையல்காரர். தம்பி சாவதற்கு முன் கடைசியாகக் கூப்பிட்ட போனை எடுக்காமல் விட்டவர். "இனி ஒரே ஒரு தடவைதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதையும் கோட்டைவிட்டால் மனுஷன் என்ன ஆவாரோ என்று டீச்சருக்கு உயிரே இல்லை.

மேற்பார்வையாளரின் விரல் மூன்றாம் பக்கத்தில் நின்றது.

"டீச்சர், 'அன்னைக்கு நான் போனை எடுத்திருக்கணும்.' இது நீங்க சொன்னதா?"

"ஐயோ, இல்லம்மா. அவர் சொன்னது."

"'ஆ'ன்னு போட்டிருக்கீங்களே."

"கை தவறியிருக்கும். கண்ணாடி மாத்தணும்."

அந்தப் பெண் சிரித்தாள், ஆனால் விடவில்லை. பதிவை ஓட்டினாள். தையல்காரரின் குரல்தான். அது முடியுமுன்னே டீச்சரின் குரல் பாய்ந்து விழுந்தது: "உங்க மேல தப்பே இல்லைங்க. தப்பே இல்லை. தப்பே இல்லை." அப்புறம் தையல்காரர் நாற்காலியை நகர்த்தும் சத்தம். "சரிங்க, நான் கிளம்பறேன்."

டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. அவருடைய அண்ணனும் சாவதற்கு முன் கடைசியாகக் கூப்பிட்டபோது டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பத்தொன்பது வருஷமாகக் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை. அதை இந்த விரல் ஒரே எழுத்தில் போட்டு உடைத்திருக்கிறதே! அடேயப்பா, இந்த மனசுதான் என்ன ஜந்து! பயமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

"எங்க அண்ணன்..." என்றார்.

மேற்பார்வையாளர் தோண்டவில்லை. "அதுக்குத் தனியா ஒருத்தர்கிட்ட போய் உட்காருங்க, இந்த வாரமே. இப்ப இதை மட்டும் சொல்லுங்க. 'தப்பே இல்லை'ன்னு யாருக்குச் சொன்னீங்க?"

"எனக்குத்தான்."

"அப்போ அவர் சொன்னதை இன்னும் யாரும் கேக்கவே இல்லை. அடுத்த தடவை அவரை நான் பார்க்கட்டுமா, நீங்களே பார்க்கறீங்களா?"

"நானே பார்க்கறேன்மா."

வியாழக்கிழமை தையல்காரர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். போனைப் பற்றி அதையே சொன்னார். ஆறுதல் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினார்.

"எடுத்திருந்தா, என்ன பேசியிருப்பீங்க?"

தையல்காரர் ஏறிட்டுப் பார்த்தார். "என்ன பெருசா... 'சாப்பிட்டியாடா'ன்னு கேட்டிருப்பேன்."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். டீச்சர் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்ததும் அவர் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எழுந்தபோது வாசலில் நின்று திரும்பினார்.

"அடுத்த வாரமும் இதே நேரம்தானேங்க?"