விபூதிக்கு அடியில் ஒரு கடிதம்

எங்கள் ஊர்க்காரர்களை ஏமாற்றப் பெரிய மூளை எதுவும் வேண்டாம். ஒரு எவர்சில்வர் தட்டு போதும்.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற ரோட்டில் ஆறாவது கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். மின்சாரக் காருக்கு பேட்டரி செய்கிற ஓர் ஐரோப்பியக் கம்பெனி இங்கே நூற்று நாற்பது ஏக்கர் கேட்டு வந்தது. பூமியைக் காப்பாற்றப் போகிறார்களாம். எங்கள் நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒன்றரை ஏக்கரும் கிணறும் அந்தப் பூமியில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

கம்பெனிக்காக நிலம் பிடிக்க வந்தவன் ஸ்ரீதர். அரக்கோணத்துக்காரன். கழுத்தில் 'மக்கள் தொடர்பு அதிகாரி' என்று அட்டை தொங்கும். ஊரில் மீசை வைத்த அத்தனை பேரையும் மாமன் மச்சான் முறை வைத்து பாவா என்று கூப்பிடுவான். யாருக்கும் அவன் எந்த வகையிலும் சொந்தமில்லை.

முதல் இரண்டு முறை வெறும் கடிதத்தைக் கொண்டுவந்தான். ஒருவரும் கையில் வாங்கவில்லை. வாங்கினால் வம்பு என்கிற அளவுக்கு எங்கள் ஆட்களுக்கும் விவரம் உண்டு. மூன்றாவது முறை, போன ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்னால் வந்தான். காவடிக்காக ஊரே மாலை போட்டிருந்த நேரம். மாலை போட்டவர்கள் முருகன் பேரில் வருவதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அது எங்கள் ஊர் வழக்கம். அதை யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு புதுத் தட்டு. தட்டில் கடிதம். கடிதத்தின் மேல் மலைக்கோயில் விபூதிப் பொட்டலம், பஞ்சாமிர்த டப்பா, ஒரு மஞ்சள் துண்டு. நைனா குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட வந்தவன் போட்டோ எடுத்தான். முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு போட்டோ.

அதே கழனிகளில் நாற்று நட்டு, களை எடுத்துப் பிழைக்கிற நிலமில்லாத குடும்பங்கள் அறுபது இருக்கின்றன. அவர்களுக்குத் தட்டும் இல்லை, கடிதமும் இல்லை. ஏமாற்றுகிற அளவுக்குக்கூட கம்பெனி அவர்களை மதிக்கவில்லை.

பிரசாதத்தோடு வந்த காகிதத்தை எங்கள் ஜனங்கள் என்ன செய்வார்கள்? சாமி மாடத்தில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். ஒருவர்கூடப் பிரித்துப் படிக்கவில்லை.

நைனாவின் மகளான நான் அம்பத்தூரில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் இருக்கிறேன். ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்துச் சரிபார்ப்பதுதான் வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தீபாவளிக்கு வந்தபோது மாடத்தைத் துடைக்கப் போய் அந்தக் கடிதத்தைப் படித்தேன். 'இக்கடிதம் பெற்ற முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்காவிடில், நிலத்தை விற்கச் சம்மதித்ததாகக் கருதப்படும்.' முப்பது நாள் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நைனா, இத படிச்சியா?"

"சாமிகிட்ட இருக்கறத எதுக்கு படிக்கணும்?"

"நம்ம கழனிய குடுக்கறேன்னு இதுல எழுதிக்கீது."

"நான் எங்க குடுத்தேன்? பிரசாதம் வாங்கினேன், அவ்ளோதான்."

"பிரசாதத்துக்கு எதுக்கு போட்டோ எடுத்தான்?"

"அவன் ஆசைக்கு எடுத்தான். நல்லாத்தான் வந்துக்கீது."

பெற்ற தகப்பன் என்பதால் சும்மா இருந்தேன்.

தை மாதம் கம்பெனியின் மனித உரிமை அதிகாரி வந்தாள். பெயர் கத்ரீன். கம்பெனி மனித உரிமைக்கும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது. எல்லோரும் சம்மதித்தார்கள் என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான் பேங்க் கடன் கொடுக்கும். கொடுத்த மறுவாரம் எங்கள் கழனியைச் சுற்றி வேலி. சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முப்பத்தெட்டுப் பேரையும் கடிதத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மொழிபெயர்க்க யார் என்றால் ஸ்ரீதர். தைக் கிருத்திகைக்காகக் கழுத்தில் மாலை வேறு போட்டிருந்தான்.

நானும் லீவு போட்டு வந்திருந்தேன். முதலில் நைனாவைக் கூப்பிட்டார்கள்.

"உங்களை யாராவது வற்புறுத்தினார்களா?" என்று கத்ரீன் இங்கிலீஷில் கேட்டாள்.

ஸ்ரீதர் நைனாவிடம் குனிந்து, "அன்னிக்கி தட்ட சந்தோஷமா வாங்கினியான்னு கேக்கறாங்க பாவா" என்றான்.

"ஆங். சந்தோஷமாத்தான் வாங்கினேன்."

ஸ்ரீதர் அவளிடம் திரும்பினான். "நிலத்தை முழு மனதோடு கொடுக்கிறாராம்."

நான் எழுந்து நின்று, அவன் என்ன கேட்டான், நைனா என்ன சொன்னார் என்று இங்கிலீஷில் சொன்னேன். தட்டு, விபூதி, மாடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி எழுந்து பேசிவிட்ட மாதிரி கத்ரீன் என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் புரட்டினாள்.

"கடிதத்தை வாங்கியதற்குப் போட்டோ இருக்கிறது. முப்பது நாள் அவகாசமும் தந்திருக்கிறோம். நடைமுறையில் குறை தெரியவில்லையே."

"கையில் வாங்கினால் சம்மதம். அப்படித்தானே?"

"ஆட்சேபணை வராவிட்டால், ஆமாம்."

இதைத்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பையிலிருந்து கம்பெனி கொடுத்த அதே தட்டை எடுத்தேன். காலையில் மலைக்குப் போய் வாங்கிவந்த விபூதியைப் பிரித்து வைத்திருந்தேன். அடியில், மடித்த ஒரு காகிதம். நேராக ஸ்ரீதரிடம் போனேன். சொல்லிவைத்தபடி பக்கத்து வீட்டு சுதா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"பிரசாதம். வாங்கிக்கோ அண்ணா."

பழக்கத்தில் அவன் கை பாதி தூரம் வந்தது. காகிதத்தின் ஓரம் கண்ணில் பட்டதும் அப்படியே நின்றது.

"அடியில இன்னா அது?"

"காயிதம். நீ குடுத்தியே, அதே மாதிரி."

"அப்பால வாங்கிக்கறேன்."

"மாலை போட்டுகினு அப்பாலன்ற?"

"எனுக்கு வேணாம் பிரேமா. போய் ஒக்காரு."

பின்வரிசையில் யாரோ, "மாலை போட்டவன் வேணாம்ட்டான்யா" என்றார்கள். நைனா ஸ்ரீதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்னு சொல்லலாமா தம்பி?"

"இல்ல பாவா, அதுல பேப்பர் இருக்குது. இன்னா ஏதுன்னு தெரியாம எப்டி வாங்கறது?"

"நீ குடுத்ததுலயும் இருந்துச்சே."

நைனா என் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை விபூதி எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து கம்பெனிக் கடிதத்தை எடுத்து, இடது கையால் கத்ரீனிடம் நீட்டினார். எங்கள் ஊரில் பிச்சைகூட யாரும் இடது கையால் போடமாட்டார்கள்.

"விபூதி முருகனுது. அத நான் வாங்கிகினேன். காயிதம் உங்களுது. நீங்க எடுத்துகினு போங்க. கழனிய குடுக்கமாட்டேன்." என்னிடம் திரும்பினார். "இத அந்தம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"இந்தச் சிவப்புக் கறை என்ன?" என்று கத்ரீன் கடிதத்தைக் காட்டிக் கேட்டாள்.

"குங்குமம். ஆறு மாதமாக உங்கள் கடிதத்தைக் கும்பிட்டிருக்கிறார்கள்."

அவள் அதை இரண்டு விரலால் பிடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டாள். என் தட்டிலிருந்த காகிதத்தையும் கேட்டு வாங்கினாள். 'முப்பது நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்காவிடில், கம்பெனி ஊரை விட்டுப் போகச் சம்மதித்ததாகக் கருதப்படும்' என்று எழுதியிருந்தேன். படித்துச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுடைய வாசகம்தான் அது.

நைனாவுக்குப் பின்னால் பக்கத்துக் கழனி மணவாளன் எழுந்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து, இருபத்தேழு கடிதங்கள் திரும்பிப் போயின, எல்லாம் இடது கையால். பதினொரு பேர் எழுந்திருக்கவில்லை. அவர்களில் சிலருக்குப் பணம் வேண்டும். சிலருக்கு, சாமி மாடத்தில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தால் பாவமாம்.

பங்குனியில் கத்ரீனின் அறிக்கை வந்தது. அறுபது பக்கம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். 'உள்ளூர்ச் சமயப் பழக்கத்தால் நேர்ந்த தவறான புரிதல். இனிமேல் கடிதங்கள் தட்டில் வைத்து வழங்கப்பட மாட்டா.' அதாவது, தப்பு செய்தது தட்டு. அறுபது கூலிக் குடும்பங்கள் எந்தப் பக்கத்திலாவது இருக்கின்றனவா என்று தேடினேன். இல்லை. ஸ்ரீதருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், அது முதல் பக்கத்திலேயே இருந்தது.

பதினொரு பேர் நிலத்தில் வேலி வந்துவிட்டது. எங்கள் கழனிக்கு இன்னும் வரவில்லை. கடிதம் மட்டும் வருகிறது, இப்போது ரிஜிஸ்டர் தபாலில். தபால்காரர் பஞ்சாட்சரம் நீட்டினால் நைனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாராம்.

"எம் பொண்ணு ஞாயித்துக்கெழம வரும். அது படிச்சிட்டு சொல்லட்டும், அப்பால வாங்கறதா வேணாமான்னு பாக்கலாம்."