அழகுமலை அண்ணன் கேட்ட கேள்வி

என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அழகுமலை அண்ணனுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்க முடிந்தது. எனக்கு அது போதவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ஊர் ஊராகப் பால் வாங்கும் நிலையங்களில் பெரிய குளிரூட்டும் தொட்டிகள் இருக்கும். அவற்றைப் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்று பழங்காநத்தத்தில் இருக்கிறது. அதன் மெக்கானிக்குகள் காலையிலேயே உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று திசைக்கொருவராகப் போய்விடுவார்கள். ஒருவர் கண்டுபிடித்த வழி இன்னொருவருக்குத் தெரியாது. தெரியாததைச் செல்போனிலேயே கேட்டு, தெரிந்தவர் சொன்னால் வேலை எப்படி மாறும்? இதுதான் என் ஆய்வு. அதற்காகவே ஒரு செயலி செய்து, எல்லோரையும் அதில் ஒரே குழுவாகச் சேர்த்தேன்.

கேள்வி ஒன்றுகூட வரவில்லை. வணக்கம்தான் வந்தது. சர்வீஸ் மேனேஜர் அழகுமலை அண்ணன் தினமும் ஒரு ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போடுவார். உடனே அத்தனை பேரும் வரிசையாகக் கூப்பிய கைகளைப் போடுவார்கள். கோயில் வாசல் தோற்றது. பிறகு மறுநாள் காலைவரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஏன் கேட்பதில்லை என்று மெக்கானிக் வீரணனிடம் விசாரித்தேன்.

"தெரியலைன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படி மேடம் கேக்குறது? அதுவும் அண்ணன் பாத்துக்கிட்டு இருக்கப்ப?"

நிறுவனத்தின் முதலாளி சுபலட்சுமி அம்மா பொறுமையானவர்தான். அவரே, "இந்த மாசத்தோட நிறுத்திக்கிருவோம்மா, கோவிச்சுக்காத" என்றார். நிறுத்தினால் என் முனைவர் பட்டம் அவ்வளவுதான். அழுகையும் ஆத்திரமுமாக ஒரு முடிவுக்கு வந்தேன். அழகுமலை அண்ணனைக் குழுவை விட்டு வெளியேறச் சொல்லிவிடுவது.

அதைச் சொல்லத்தான் அன்று மதியம் அவர் அறைக்குப் போனேன். வாயெடுப்பதற்குள் அவருக்கு போன் வந்தது. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நிலையத்தில் தொட்டி ஓடவில்லை. மெக்கானிக்குகள் எல்லோரும் வெவ்வேறு இடங்களில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நானே போறேன். நீயும் வாம்மா, உன் படிப்புக்கு ஆகும்" என்றார். இப்படிக் கூப்பிடுகிற மனிதரிடம் வெளியே போங்கள் என்று எப்படிச் சொல்வது? வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

அங்கே தொட்டி நிறையப் பால். குளிர் ஏறாவிட்டால் ஊர்ப் பால் மொத்தமும் திரிந்துவிடும். பால் ஊற்றியவர்கள் கேனும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். அண்ணன் தொட்டியின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது புது மாதிரி போர்டு. சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. அணைத்துப் போட்டார், மறுபடி அணைத்துப் போட்டார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"இந்தப் போர்டை நம்ம ஆளுங்கள்ல யாரு பாத்திருக்கான்னே தெரியலையேம்மா. யாருக்குப் போன் போட?"

"குரூப்ல கேளுங்க சார்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரிடம் வேலை பழகிய ஆட்கள்தான் குழுவில் பாதிப் பேர். பிறகு போர்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, செல்போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தம்பிகளா, இது எனக்குத் தெரியல. தெரிஞ்சவன் சொல்லுங்கடா."

பதில் வந்தது. கூப்பிய கைகள். மறுபடியும் கூப்பிய கைகள். வரிசை கட்டி வந்துகொண்டே இருந்தன.

"கும்புட்டது போதும்டா, பால் திரியப் போகுது!" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

அதே நேரம் வீரணன் என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டார். "மேடம், எனக்குத் தெரியும். ஆனா அண்ணனுக்கே நான் சொல்லிக்குடுத்தா மரியாதையா இருக்குமா?"

"சொல்லாம இருந்தாத்தான் மரியாதை கெடும். குரூப்லயே சொல்லுங்கண்ணே!" இந்த ரோகிணி மேடம் இப்படிக் கத்துவாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

குழுவில் வீரணன் குரல் வந்தது. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கரண்ட் விட்டுவிட்டு வந்தா அது லாக் ஆகிரும். மூடிக்கு அடியில சின்னப் பட்டன் இருக்கும். பச்சை எரியிற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க."

அண்ணன் அமுக்கிப் பிடித்தார். பச்சை எரிந்தது. கம்ப்ரசர் உறுமிக்கொண்டு கிளம்பியது. கேன்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

அண்ணன் மறுபடி செல்போனை எடுத்தார். "வீரணா, ஓடிருச்சுடா. ரொம்ப நன்றி. இது இத்தனை நாளா எனக்குத் தெரியாது." இதையும் எல்லோரும் கேட்கக் குழுவிலேயே சொன்னார். நான் கேட்டிருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டார். என் ஆய்வுக்காகவும் அவர் செய்யவில்லை, பாலுக்காகச் செய்தார். அதனால்தான் அவர்மேல் எனக்கு இவ்வளவு நன்றி.

மறுநாள் மேலூரிலிருந்து மெக்கானிக் அருள்பாண்டி குழுவில் எழுதியிருந்தான்: "அண்ணன் மாதிரியே எனக்கும் ஒண்ணு தெரியல."

கீழே அழகுமலை அண்ணனின் பதில்: "ஒண்ணுதானா? கேளு மாப்ள."