இருபது அடி தூரம்

“அக்கா, சர்க்கரை இருக்கா?”

முன்னரணிலிருந்து தெஸ்பெலே கத்தியபோது ஹிதாத்தின் இடுக்கி வேறொருவனின் தோள்பட்டைக்குள் இருந்தது. காலையில் விழுந்த மோர்ட்டார் குண்டுகளில் ஒன்றின் சில்லு, எலும்பை ஒட்டிக் கிடந்தது. அதைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது.

அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டிருக்கக் கூடாது. விடுதலைப் போராளிகளின் நக்ஃபா மலை முன்னரங்கில் யாருக்கும் அக்காவும் இல்லை, அண்ணனும் இல்லை. எல்லோருக்கும் பெயர் மட்டும்தான். ஒரு வீட்டுப் பிள்ளைகளை ஒரே அணியில் போடுவதும் வழக்கமில்லை. ஆனால் மழைக்காலத்துக்கு முன் நானூற்றுப் பத்துப் பேராக இருந்த பட்டாலியன் இப்போது இருநூற்று முப்பது. மிச்சமிருந்த இரண்டு கம்பெனிகளை ஒன்றாக்கியபோது, மருத்துவப் பை தூக்குகிற ஹிதாத்தும் துப்பாக்கி தூக்குகிற தெஸ்பெலேயும் ஒரே பதுங்குகுழிக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று வாரமாகப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இரவில் தேநீர்க் குவளையை நீட்டும்போதுகூட அவன் தவறியதில்லை.

“இழுத்துடு ஹிதாத்” என்றான் தோளைக் கொடுத்தவன். “நடுவுல நின்னா உயிர் போகுது.”

இழுத்தாள். துணியை அழுத்தி அவன் கையையே அதன்மேல் வைத்துவிட்டு, குனிந்தபடி குழியின் வளைவை நோக்கி ஓடினாள்.

வளைவில் அணிப் பொறுப்பாளர் ஒக்பை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து முன்னரணுக்குப் போகும் ஒடுங்கிய பாதையைக் காலைக் குண்டு பிளந்துபோட்டிருந்தது. அடுக்கிவைத்த கற்கள் சரிந்து, இருபது அடி தூரம் வெறும் பாறையாகக் கிடந்தது. பாறைக்கு அந்தப் பக்கம், மண்மூட்டைகளுக்குள் தெஸ்பெலேயும் கிதேயும் இருந்தார்கள்.

“கிதே போயிட்டான்” என்றான் ஒக்பை, உதடு மட்டும் அசைய. “இவன் பரவாயில்லைன்னு நினைச்சேன். இப்போதான் கூப்பிடறான்.”

“எங்கே பட்டிருக்கு?”

“கேட்கலை. எப்படிக் கேட்கறது?”

முன்னரணுக்கு எதிரே எழுபது அடியில் எதிரிப் படையின் குழி. அங்கே ஒருவன் இருந்தான். முகம் யாருக்கும் தெரியாது. பேச்சின் இழுவை எல்லைக்கு அப்பாலுள்ள அத்வா ஊருடையது என்பதால் அத்வாக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இவர்கள் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரியும். அவனுக்கும் இதுதான் தாய்மொழி. அரணில் இருப்பது ஒரே ஆள், அவனும் அடிபட்டுக் கிடக்கிறான் என்று தெரிந்தால் பத்துப் பேர் ஒரே ஓட்டத்தில் வந்து ஏறிவிடுவார்கள். அரணிலிருந்து பார்த்தால் இந்தக் குழி முழுதும் திறந்த பெட்டி. உள்ளே முப்பத்தெட்டுப் பேர்.

ஹிதாத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“சர்க்கரையா? அதெல்லாம் தீர்ந்து பத்து நாளாச்சு. எதுக்குடா?”

“சும்மாதான். நம்ம செவலை ஞாபகம் வந்துச்சு. மாடு முட்டுச்சே, அந்தச் செவலை.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். வீட்டில் இருந்த ஆடு. அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஏழு. காலையில் பக்கத்து வீட்டுக் காளை அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது. குடல் வெளியே வந்து மண்ணில் புரண்டது. அது சாயங்காலம் வரை உயிரோடு இருந்தது.

“வயிறு” என்றாள் ஒக்பையிடம்.

ஒக்பை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதரை. தென்தென் முகட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்க ஆறேகால் ஆகும்.

“நான் போறேன்.”

ஒக்பை தேநீர்க் கெண்டியின் மூடியை ஒரு குச்சியில் மாட்டி, பாறைக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நீட்டினான். மூன்று எண்ணுவதற்குள் மூடி பறந்து குழிக்குள் விழுந்தது. நடுவில் ஓட்டை.

“நீயும் போவே, பையும் போகும். இருக்கறது ஒரு பை” என்றான்.

அவள் சுவரின் கற்களுக்கிடையே வாயை வைத்துக்கொண்டாள்.

“தெஸ்பெலே! செவலைக்கு அப்பா தண்ணி காட்டவே இல்லையே, ஞாபகம் இருக்கா? காட்டியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்.”

“ஞாபகம் இருக்கு. ஆனா அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

“கேட்கும். கேட்டா குடுக்கக் கூடாது. காலை மடக்கிப் படுக்க வச்சாரு. எதையும் உள்ளே தள்ளலை. ஈரத்துணியைத்தான் மேலே போட்டாரு.”

“சரி.”

“ஈரத்துணி.”

“அதான் சரின்னேனே. உனக்கு ஒண்ணையே ரெண்டு தடவை சொல்லணும்.”

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

“என்ன ஹிதாத், காலையிலேயே ஆட்டுக் கதை? பசியா? இந்தப் பக்கம் வந்துடுங்க, எங்களுக்கு இன்னைக்கு மக்ரோனி!”

“போன வாரமும் மக்ரோனிதானே? தின்னுட்டு ராத்திரி பூரா நீ குழிக்கும் புதருக்கும் ஓடினது இங்க வரைக்கும் கேட்டுச்சே!”

வேறொரு நாளாக இருந்தால் முப்பத்தெட்டுப் பேரும் சிரித்திருப்பார்கள். முன்னரணில் மட்டும் தெஸ்பெலே சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது. அறுந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு சத்தம் தொடங்கி, வாய்க்குள் துணியை அடைத்தது போல நின்றது. ஹிதாத் எதிர்ப்பக்கத்தைக் காதால் தேடினாள். அங்கே பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. கேட்டிருக்காது. கேட்டிருக்காது என்றுதான் நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவனைச் சிரிக்கவைக்கிற எதையும் பேசவில்லை.

பகல் எப்போதும் போல நடந்தது. மலையின் பின்சரிவிலிருந்து ரொட்டி வந்தது. சுடுகல்லைச் சுற்றி மாவைப் பூசி நெருப்பில் புதைத்துச் சுட்டது. உடைத்ததும் உள்ளேயிருந்த கல் இன்னும் கொதித்தது. பருப்பில் உப்பு இல்லை. ஒருவன் சட்டையைக் கழற்றித் தையலில் பேன் தேடினான். பதுங்கறையின் வாயிலில் எழுத்துப் பாடம் நடந்தது. ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்து போராட வந்த முப்பது வயது ஆள் ஒருவன், பெட்டி அட்டையில் கரித்துண்டால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே அவன் கை நின்றது. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். கடிப்பதற்கு நடுவே நின்று கேட்டார்கள்.

அரை மணிக்கு ஒருமுறை தெஸ்பெலே ஒரு தோட்டா சுட்டான். ஆள் இருக்கிறது என்று காட்டத்தான். பதினோரு மணிக்குச் சரியாக வந்தது. பன்னிரண்டுக்கும் வந்தது. ஒன்றரைக்கு வரவேண்டியது ஒன்றே முக்காலுக்கு வந்தது. அந்தக் கால் மணி நேரமும் ஹிதாத் தன் கட்டைவிரல் நகத்தைக் கடித்து, சதை வந்தபிறகும் கடித்தாள்.

வயிற்றுக் காயங்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். பின்னால், மலைக்கு அடியில் தோண்டியிருந்த மருத்துவமனைக்கு ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் பாதிப் பேர் பிழைத்தார்கள். ஒன்பதரைக்கு முன்னால் எப்போதோ பட்டது. கணக்கைப் போட்டாள். மறுபடியும் போட்டாள். இந்தக் காயக்காரர்கள் எல்லோரும் பிற்பகலில் கத்துவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் கத்துவார்கள்.

இரண்டரை மணிக்கு அவன் குரல் மெலிந்து வந்தது.

“அக்கா.”

“சொல்லு.”

“செவலை கத்துச்சா? எனக்கு அது மட்டும் ஞாபகமே வரலை.”

ஆடு மத்தியானம் முழுக்கக் கத்தியது. தாங்க முடியாமல் அம்மா காதில் துணியைக் கட்டிக்கொண்டு உரலில் மாவு இடித்தாள். ஏழு வயதுப் பையன் அழுது அழுது தூங்கிப்போனான். அதனால்தான் அவனுக்கு ஞாபகம் இல்லை.

“இல்லை” என்றாள் ஹிதாத். “ஒரு சத்தம் போடலை.”

“அப்படியா?”

“ஆமா. படுத்தே கிடந்துச்சு.”

“நல்ல ஆடு” என்றான் தெஸ்பெலே.

பக்கத்தில் ஒக்பை தன் துப்பாக்கியின் வாரைத் தேவையில்லாமல் அவிழ்த்துக் கட்டினான்.

அதன்பிறகு முன்னரணிலிருந்து ஒரு முனகலும் வரவில்லை. காற்று அடங்கிவிட்டது. வெயிலில் பாறை வெள்ளையாக நின்றது. ஒவ்வொரு நிமிடமும் அவள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாள். வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சட்டென்று, தான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் வேண்டுவதை நிறுத்த முடியவில்லை.

“டேய் தெஸ்பெலே!” அத்வாக்காரன்தான். சாப்பிட்டுத் தூங்கி எழுந்த குரல். “எங்கடா இன்னைக்குப் பாட்டு? மூணு மணிக்குத் தினமும் கழுதை மாதிரி ஆரம்பிப்பியே!”

யாரும் அசையவில்லை. ஹிதாத் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒக்பை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். தெஸ்பெலேயின் பதில்தான் வேண்டும். வேறு குரல் வந்தால் சந்தேகம் வரும்.

ஈ ஒன்று அவள் இமையில் உட்கார்ந்தது.

“இனிமே…” என்றது முன்னரண். “இனிமே ஓசியில கிடையாது. காசு குடுத்தாத்தான் பாட்டு.”

எதிர்ப்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மூன்றரைக்குத் தோட்டா வரவில்லை. நாலுக்கும் வரவில்லை.

“தெஸ்பெலே” என்றாள் ஹிதாத், சாதாரணமாகக் கூப்பிடுவது போல. “ஏய், உன்னைத்தான்.”

மண்மூட்டைகளின் மேல் ஒரு கருங்குருவி வந்து இறங்கியது. அது அவசரப்படாமல் அந்தப் பக்கம் தாவி, உள்ளே இறங்கியது. திரும்பப் பறக்கவில்லை. அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒக்பைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் அவளைப் பார்க்காமல் செமெரேயைக் கைகாட்டி அழைத்தான். செமெரே, இருபது வயது இருக்கும், சரிந்த கற்களின் விளிம்புவரை வயிற்றால் ஊர்ந்துபோய், அரணுக்கு அருகே எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில் குழலை நீட்டி ஒரு தோட்டா சுட்டான்.

“என்ன ஹிதாத்” என்றான் அத்வாக்காரன். “தம்பி பேச்சையே காணோம்?”

தம்பி. காலையிலிருந்து அக்கா அக்கா என்று கேட்டவனுக்கு உறவு புரியாமல் இருக்குமா?

இன்னும் இரண்டேகால் மணி நேரம் வெளிச்சம் இருந்தது. ஒக்பை அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளால் முடிந்திருக்காது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

“பேசுவானா? கோபம் துரைக்கு! டேய், துணி துவைக்கச் சொன்னது ஒரு குத்தமா? உன் போர்வையில இருக்கற பேனை எண்ணினா நம்ம பட்டாலியனை விட அதிகம்.”

நிறுத்தினாள். அவன் ஒரு வாக்கியம் பேசுகிற நேரம் விட்டாள்.

“என்ன முணுமுணுக்கறே? சத்தமாச் சொல்லு. ஆமா, தண்ணி இல்லைதான். உனக்கு எப்பவும் ஒரு சாக்கு கிடைச்சிடும். சின்ன வயசுல தேன்கூட்டுல கையை விட்டுட்டு என்னைக் காட்டிக் குடுத்தவன்தானே நீ? அடி எனக்கு, தேன் உனக்கு.”

நிறுத்தினாள்.

“சிரிக்காதே.”

மறுபடி பேசினாள். கிறிஸ்துமஸுக்கு அம்மா தைத்த சட்டையைக் கழுதைக்குப் போட்டுவிட்டதைச் சொல்லித் திட்டினாள். மீசை முளைக்காததற்குக் கேலி செய்தாள். எதிர்ப்பக்கத்துக்காரனையும் நடுநடுவே இழுத்து, நீயே நியாயம் சொல்லு என்றாள். அவன் ஒருமுறை, தம்பி பக்கம்தான் நியாயம் என்றான். ஐந்து மணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாரோ கையில் தண்ணீர்க் குவளையை வைத்தார்கள். யாரென்று அவள் பார்க்கவில்லை. அவர்களும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவன் அட்டையை மடியில் கவிழ்த்துவைத்திருந்தான்.

அரை மணிக்கு ஒருமுறை செமெரே சுட்டான்.

சூரியன் முகட்டுக்குப் பின்னால் போனதும் நிழல் பாறைமேல் ஏறியது. பிறகு பாறையே தெரியவில்லை. செமெரேயும் இன்னும் மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஊர்ந்து போனார்கள். கற்கள் உரசுகிற சத்தம் கேட்காமலிருக்க ஹிதாத் இன்னும் சத்தமாகப் பேசவேண்டியிருந்தது. பேசினாள். எதைப் பேசினாள் என்று பின்னால் அவளுக்கு நினைவில்லை.

மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அரணைக் காக்கச் செமெரே அங்கேயே தங்கிவிட்டான். முதலில் கிதேயை இறக்கினார்கள். மறுபடி போய் வந்து, இன்னொரு பாரத்தை அவள் முதுகுக்குப் பின்னால், குழியின் தரையில் மெதுவாக இறக்கினார்கள். அவள் திரும்பவில்லை. முன்னரணில் இருப்பவன் இன்னும் ஒருமுறைகூடப் பேசவில்லை. அவன் பேசியாக வேண்டும்.

“சாப்பிட்டியா?” என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

முன்னரணில் மண்மூட்டை ஒன்று உரசியது.

“ம்… சாப்பிட்டேன்” என்றது செமெரேயின் குரல்.

எதிர்ப்பக்கத்தில் பேச்சு நின்றது. பாத்திரச் சத்தமும் நின்றது. ஒக்பை துப்பாக்கியின் பூட்டை விரலால் மெல்லத் தள்ளினான். குழி நெடுக அதே சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

“ஹிதாத்” என்றான் அத்வாக்காரன்.

“என்ன?”

“குரல் மாறியிருக்கே.”

“சளி.”

“காலையில நல்லாத்தானே இருந்துச்சு?”

“நாள் பூரா வெயில்ல கிடந்தான். பிடிச்சுக்கிச்சு.”

அவள் காத்திருந்தாள்.  எழுபது அடிக்கு அப்பால் யாரோ யாரிடமோ தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்கள். அத்வாக்காரன் ஒரு சொல்லில் பதில் சொன்னான். அது அவர்களுடைய படையின் மொழியில் இருந்தது. அவளுக்குப் புரியவில்லை.

பிறகு அவன் கத்தினான்.

“வெந்நீர் குடிக்கச் சொல்லு.”

“சொல்றேன்” என்றாள் ஹிதாத்.

பாத்திரங்கள் மறுபடி உருளத் தொடங்கின. பின்னால் நூல்போர்வையை நீளவாக்கில் கிழித்தார்கள். உடலைச் சுற்றிக் கட்டுவதற்கு ஒரு முனையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். அவள் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். ஒக்பை துணியின் முனையை அதில் வைத்தான்.